காலை முந்திய பிரேக்

தானாகப் பிடிக்கும் பிரேக்கின் கதை ஒரு காலில் இருந்து தொடங்குகிறது. 1992 ஆம் ஆண்டு, பேர்லின் நகரில் இருந்த மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் சோதனைக் கூடத்தில் சாரதிமாரைக் காருக்குள் உட்கார வைத்தார்கள். கார் உண்மையானது, வீதி மட்டும் திரையில் ஓடும் படம். எதிர்பாராத கணத்தில் முன்னால் ஆபத்தைக் கொண்டுவந்து விட்டு, கால் என்ன செய்கிறது என்று கருவிகளால் அளந்தார்கள். கால் தூங்கவில்லை, சட்டென்று பிரேக்குக்குப் பாய்ந்தது. ஆனால் பாய்ச்சலில் இருந்த வேகம் மிதியில் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், அந்த நெருக்கடிக்குத் தேவையான பலத்தோடு மிதிக்கவில்லை.

வாகனம் ஓட்டுகிறவருக்கு இதில் பெரிய வியப்பு இராது. இருபது வருடம் ஓட்டியவர் கூடப் பிரேக்கை அடிவரை மிதித்த நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றாடம் கால் பழகுவதெல்லாம் மெல்ல மிதிக்கத்தான். பின்சீட்டில் அம்மா இருப்பா, காலடியில் தயிர்ச் சட்டி இருக்கும், மழைநாளில் வீதி வழுக்கும். அப்படிப் பழகிய கால், உயிர் போகிற நேரத்திலும் பழகியபடியே மிதிக்கிறது.

அந்தத் தயக்கத்தின் விலையை நம் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்து வீதியிலேயே கணக்குப் பார்க்கலாம். அம்பேபுஸ்ஸவில் தொடங்கும் ஏ6 வீதி குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வந்து, தம்பலகாமத்தைத் தொட்டுக்கொண்டு திருகோணமலைக்குப் போகிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். ஆபத்தைக் கண்டு, விளங்கி, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்க ஒன்று தொடக்கம் ஒன்றரைச் செக்கன் பிடிக்கும். அதற்குள்ளேயே 17 தொடக்கம் 25 மீற்றர் போய்விடும். காய்ந்த தாரில் முழுப் பலத்தோடு மிதித்தால் அதற்குப் பிறகு 20 மீற்றரில் கார் நிற்கும். அரைப் பலத்தோடு மிதித்தால் அந்த 20 மீற்றர் 40 ஆகிவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. மோதும்போது வேகம் பாதியாகக் குறைந்திருந்தால் மோதலின் சக்தி கால்வாசியாகிவிடும். ஆகவே கடைசி ஐந்தாறு மீற்றரில் விழும் பிரேக்கும் வீண் போவதில்லை. சாவில் முடிய வேண்டியது கை கால் முறிவோடு போகலாம்.

பேர்லினில் கண்ட குறைக்கு மெர்சிடிஸ் செய்த முதல் மருந்து 1996 இன் கடைசியில் அதன் எஸ் வகுப்புக் கார்களில் வந்தது. பிரேக் மிதி எவ்வளவு வேகமாகக் கீழே போகிறது என்பதை அந்தக் கருவி கவனிக்கும். வழக்கத்தை விட வேகமாகப் போனால், சாரதி அவசரமாக நிற்க விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு, மீதிப் பலத்தைத் தானே கொடுத்துவிடும். காலின் எண்ணத்தை ஊகித்து நிறைவேற்றும் வேலை அது. கால் வராவிட்டால் அதற்கு வேலை இல்லை. சாரதி கண்ணயர்ந்திருந்தால், தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதுவும் சும்மா காத்திருக்கும். பிரேக் எதற்காகக் காலுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே எஞ்சி நின்றது.

கேள்வி பழையது. 1959 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் கடிலாக் சைக்ளோன் என்றொரு காரைக் காட்சிக்கு வைத்தது. அதன் மூக்கில் இரண்டு கறுப்புக் கூம்புகள் இருந்தன. உள்ளே ராடார். முன்னால் தடை தென்பட்டால் ஒலி எழுப்பி, விளக்கு எரித்து எச்சரிப்பதாக ஏற்பாடு. கண்காட்சியோடு அந்தக் கார் நின்றுவிட்டது. தடையைப் பார்ப்பது ராடாருக்குச் சுலபம். அது தடைதானா என்று தீர்மானிப்பதில்தான் சிக்கல். முன்னால் போகும் லொறியும் உலோகம், பாலத்தின் கைப்பிடியும் உலோகம், வளைவில் நிற்கும் பெயர்ப்பலகையும் உலோகம். எல்லாவற்றுக்கும் பிரேக் பிடிக்கிற காரை யாரும் ஓட்டமாட்டார்கள். அதனால் பிறகு வந்த பொறியியலாளர்கள் ஒரு வடிகட்டலைச் செய்தார்கள். அசைகிற பொருளை வாகனம் என்று கணக்கில் எடுத்தார்கள். வேகமாகப் போகும்போது அசையாமல் இருப்பவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். இந்த ஒதுக்கலின் விளைவு நம் ஊர் வீதியில் பெரிது.

கருவி தேறி வந்த காலத்தில் இன்னொரு பயமும் கூடவே வளர்ந்தது. சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் வந்த புதிதில், 1980களின் தொடக்கத்தில், மியூனிக் நகரத்து வாடகைக் கார்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பகுதிக் கார்களுக்கு ஏபிஎஸ் இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை. ஏபிஎஸ் கார்களுக்கு விபத்துக் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. நல்ல பிரேக் கிடைத்த சாரதிமார் வளைவுகளை இறுக்கமாகத் திருப்பினார்கள், முன்னால் போகும் வாகனத்தை நெருங்கி ஓட்டினார்கள். கிடைத்த பாதுகாப்பை வேகமாகவும் நெருக்கமாகவும் செலவழித்துவிட்டார்கள். மனிதர் தமக்குப் பழகிய அளவு ஆபத்தை எப்படியாவது தக்க வைத்துக்கொள்வர் என்று கனடாவில் ஜெரால்ட் வைல்ட் என்ற உளவியலாளர் வாதிட்டுவந்தார். அந்த வாதத்துக்கு மியூனிக் சோதனை பெரிய சாட்சியானது. தானாக நிற்கும் கார் வந்தால் சாரதி என்ன செய்வார் என்ற கேள்வி, கார் வருவதற்கு முன்னமே எழுந்துவிட்டது.

ஜப்பான் இந்தக் கேள்வியை விதியாகவே எழுதியது. பாதுகாப்பில் முன்னேறிய வாகனங்களை உருவாக்கும் அரச திட்டம் அங்கே 1991 இல் தொடங்கியது. அதன் வழியில், 2003 யூனில் ஹொண்டா தன் இன்ஸ்பயர் காரில் உலகின் முதலாவது தானியங்கி மோதல் தணிப்புப் பிரேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்பக்கத்து ராடார் மோதலை மணந்தால் முதலில் ஒலி எழும். சாரதி அசையாவிட்டால் ஆசனப்பட்டி இரண்டு மூன்று தரம் மெல்ல இழுக்கும், பிரேக் இலேசாக விழும். அதற்கும் அசையாவிட்டால்தான் கடும் பிரேக். அதுவும் காரை நிறுத்துவதற்கல்ல, மோதலின் வேகத்தைக் குறைப்பதற்கு. மோதல் தவிர்க்க முடியாதது என்ற நிலை வந்த பிறகே பிரேக் விழ வேண்டும் என்பதுதான் அன்றைய அரச வழிகாட்டல். முன்கூட்டியே பிடித்து முழுதாக நிறுத்திவிட்டால் சாரதி அதை நம்பி அசட்டையாவார் என்று ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சு அஞ்சியது. நிறுத்தத் தெரிந்த கருவியை நிறுத்தாமல் இருக்கச் சொன்ன விதி அது.

ஜேர்மனியிலும் இதே பேரம் செக்கன் கணக்கில் நடந்தது. மெர்சிடிஸ் 2006 இல் கொண்டுவந்த ஏற்பாடு, மோதலுக்கு ஏறக்குறைய 2.6 செக்கன் முன்பு எச்சரிக்கும். 1.6 செக்கன் இருக்கையில் பிரேக் பலத்தில் 40 வீதத்தை மட்டும் தானே கொடுக்கும். மீதி 60 வீதம் சாரதிக்கு விடப்பட்டிருந்தது. அந்தக் குலுக்கலில் விழித்துக்கொண்டு அவரே மிதிக்கட்டும் என்பது எண்ணம். 2009 இல்தான் கடைசி 0.6 செக்கனில் முழுப் பிரேக்கும் கருவியின் கைக்கு வந்தது. அந்த நேரத்தில் எந்தச் சாரதியாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஆகவே அவருடைய உரிமையில் தலையிட்டதாகவும் ஆகாது. தானியங்கிப் பிரேக் பிந்திப் பிடிக்கிறது, பயமுறுத்துவது போலப் பிடிக்கிறது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிந்துவதும் உலுக்குவதும் வேண்டுமென்றே செய்தவை. கைவளையத்தைத் திருப்பித் தப்பிக்கச் சாரதிக்கு வழி இருக்கும் வரை கருவி பொறுத்திருக்க வேண்டும். இதமாகப் பிடித்துக்கொடுத்தால் சாரதிமார் காலுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள்.

முழுதாக நிறுத்தும் துணிச்சல் சுவீடனில் இருந்து வந்தது. வொல்வோ 2008 இல் எக்ஸ்சி60 காரில் வைத்த ஏற்பாடு மணிக்கு 30 கிலோமீற்றருக்கு உட்பட்ட நகர வேகத்துக்கு மட்டுமானது. கண்ணாடியின் உச்சியில் இருந்த லேசர் சில மீற்றர் தூரமே பார்க்கும். வேகவித்தியாசம் 15 கிலோமீற்றருக்குள் என்றால் மோதாமலே நிறுத்திவிடும். மோதல்களில் நான்கில் மூன்று இந்த வேகத்தில்தான் நடக்கின்றன என்பது வொல்வோவின் கணக்கு. அமெரிக்கக் காப்புறுதி ஆய்வாளர் 2011 இல் பார்த்தபோது, அதே தரத்து மற்றக் கார்களை விட எக்ஸ்சி60 பிறருக்கு ஏற்படுத்திய சேதத்துக்கான கோரிக்கைகள் 27 வீதம் குறைந்திருந்தன. மியூனிக்கில் கைகூடாதது இங்கே கைகூடியது. வழமையான ஓட்டத்தில் தன் இருப்பையே காட்டாத கருவியை நம்பி, எவரும் தம் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை போலும். இதற்கிடையில் 2010 இல் வொல்வோ பத்திரிகையாளரை அழைத்துத் தன் புதுக் காரின் பிரேக்கைக் காட்டியபோது, கார் நிற்காமல் லொறியின் பின்புறத்தில் போய் மோதியது. பற்றரியில் கோளாறு என்று விளக்கம் வந்தது.

வொல்வோவின் கார் ஜப்பானுக்குள் அனுமதிக்கப்பட்டதும் அங்கிருந்த தடையும் தளர்ந்தது. சுபாரு 1989 இலிருந்தே இரட்டைக் கமராவில் வேலை செய்துகொண்டிருந்தது. மனிதருக்கு இரு கண் தூரத்தைச் சொல்வதுபோல, இரண்டு கமராப் படங்களின் வித்தியாசத்தில் இருந்து தூரத்தைக் கணிப்பது அந்த முறை. 2008 இல் ஐசைட் என்ற பெயரில் வந்த அந்த ஏற்பாடு, 2010 இல் முழுதாக நிறுத்தும் இரண்டாம் வடிவத்தை அடைந்தது. மேலதிக விலை ஏறக்குறைய ஒரு இலட்சம் யென். மோதாத கார் என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார்கள், ஆனால் வாசகத்தின் முடிவில் ஒரு கேள்விக்குறியையும் போட்டார்கள். 2012 இன் கடைசியில் டைஹட்சு தன் மூவ் என்ற சிறு காரில் ஐம்பதாயிரம் யென்னுக்கு லேசர் பிரேக்கைக் கொடுத்தது. அடுத்த வருடம் சுசுகி வாகன்ஆரிலும் அது வந்தது.

வாகன்ஆர் என்றதும் இந்தக் கதை நம் முற்றத்துக்கு வந்துவிடுகிறது. 2014 தொடக்கம் சில வருடங்கள் இலங்கையில் இறங்கிய ஜப்பானியச் சிறு கார்களில் அதுவே எங்கும் தெரிந்தது. திருகோணமலையிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் ஆசிரியர், தாதி, கடைக்காரர் என்று பலருக்கு முதல் கார் அதுதான். வந்த கார்கள் பலவற்றின் கண்ணாடி உச்சியில் அந்த லேசர் கண்ணும் இருந்தது. ஆனால் கையேடு ஜப்பான் மொழியில் இருந்தது, திரையில் வரும் எச்சரிக்கையும் ஜப்பான் மொழியில்தான். மணிக்கு 5 தொடக்கம் 30 கிலோமீற்றர் வரைதான் அது வேலை செய்யும் என்ற முக்கியமான வரி, வாங்கியவர்களில் எத்தனை பேரின் கண்ணில் பட்டிருக்கும்? கிடைத்ததெல்லாம் வாய்வழிச் செய்தி: “இது தானாப் பிடிக்கும், அண்ணே.” அதைக் கேட்ட தம்பலகாமத்து ஆள் கேட்கும் அடுத்த கேள்வியும் நியாயமானது: “மாடு வந்தாப் பிடிக்குமா, தம்பி?”

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயலும், எருமைத் தயிரும் உள்ள ஊரில் வேறு எதைக் கேட்பது? மாரி மழையில் நிலம் ஊறிவிட்டால் மாடுகள் இரவில் சூடு ஆறாத தார்வீதியில் வந்து படுக்கும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும். பின்விளக்கு இல்லாத லாண்ட்மாஸ்டர் பெட்டி இருட்டில் ஆடி ஆடிப் போகும். அக்போபுர, கந்தளாய்ப் பக்கம் யானையும் கடக்கும். இந்தக் கருவியோ முன்னால் போகும் காரின் பின்புறத்தைப் பார்த்து வளர்ந்தது. பிறகு பாதசாரியைக் கற்றது, அதன் பிறகு சைக்கிள்காரரை. ஐக்கிய நாடுகளின் கீழ் 2020 இல் நடைமுறைக்கு வந்த 152 ஆம் இலக்க ஒழுங்குவிதி கார், பாதசாரி என்று தொடங்கிச் சைக்கிளையும் பின்னர் சேர்த்துக்கொண்டது. மாடு அந்தப் பட்டியலில் இல்லை.

விலங்கைப் பார்க்கக் கற்பித்தவர்களும் உண்டு. சுவீடன் காடுகளில் வீதிக்கு வரும் பெருமான்களுக்காக வொல்வோ ஒரு ஏற்பாடு செய்தது. அதை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் கங்காரு குழப்பியது. கருவி நிலத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கும், கங்காரு துள்ளி அந்தரத்தில் இருக்கும்போது அது தூரத்தில் நிற்பதாக நினைக்கும். ஒவ்வொரு ஊரின் விலங்குக்கும் தனித்தனிப் பாடம் வேண்டும். தம்பலகாமத்து எருமைக்குப் பாடம் எடுக்க எந்த நிறுவனமும் இன்னும் இங்கு வந்து கமரா பிடிக்கவில்லை. படுத்திருக்கும் எருமை அசையாப் பொருள், கறுப்பு, இரவில் ஒளி திருப்பாதது. முன்சொன்ன வடிகட்டலில் முதலில் ஒதுக்கப்படக்கூடியது அதுதான். இருட்டின் கணக்கும் தெரிந்ததே. பாதசாரியைக் காணும் பிரேக் மோதல்களை 27 வீதம் குறைத்தது என்று கண்ட அமெரிக்க ஆய்வு, தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வித்தியாசத்தையும் காணவில்லை. ஏ6 வீதியில் தெருவிளக்கு இல்லாத நீளம் கொஞ்சமல்ல.

சாரதிமார் இந்தக் கருவிக்குப் பழகிய விதமும் இரண்டு வகை. ஒன்று, பொறுத்துக்கொள்வது. அமெரிக்காவில் சேவைக்கு வந்த ஹொண்டாக் கார்கள் 184 ஐ ஆய்வாளர் பார்த்தபோது, முன்மோதல் எச்சரிக்கையை ஒரே ஒருவர்தான் அணைத்து வைத்திருந்தார். அதே கார்களில் கோடு தாண்டுவதைச் சொல்லும் எச்சரிக்கையை மூன்றில் இரண்டு பேர் அணைத்திருந்தனர். அரிதாகப் பேசுவதைக் கேட்கிறார்கள், ஓயாமல் தொணதொணப்பதை வாயடைக்கிறார்கள். நம் வீதியில் இந்த விகிதம் அப்படியே இராது. முச்சக்கர வண்டி குறுக்கே நுழைவதும், தனியார் பஸ் உரசிக்கொண்டு முந்துவதும் இங்கே நிமிடத்துக்கு நிமிடம் நடப்பவை. அரிதாகப் பேச வேண்டிய கருவி இங்கே அடிக்கடி பேசும். பின்னால் நெருங்கி வருகிறவரை நினைத்து, சாரதியின் விரல் அணைக்கும் பொத்தானைத் தேடும்.

மற்றது, அளவுக்கு மிஞ்சி நம்புவது. ஜப்பானின் சீபா மாகாணத்தில் 2016 நவம்பரில் ஒருவர் கார் வாங்கும் எண்ணத்தில் ஓட்டிப் பார்த்தார். பிரேக்கை மிதிக்காமல் இருங்கள், தானாக நிற்கும் என்றார் பக்கத்தில் இருந்த விற்பனையாளர். இரவு, மழை. கார் நிற்கவில்லை, சமிக்ஞையில் நின்ற காரில் மோதியது. மிதிக்கத் தெரிந்த ஒரு கால், மிதிக்காதே என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றது. விற்பனையாளரோடு ஓட்டியவர் மீதும் பொலிஸார் வழக்குத் தாக்கலுக்குப் பரிந்துரைத்தனர். அமைச்சு 2003 இல் அஞ்சியது வெறும் கற்பனை அல்ல.

சட்டமும் ஓட்டுபவர் பக்கமே பார்க்கிறது. வாகனம் எப்போதும் சாரதியின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 1968 இன் வியன்னா வீதிப் போக்குவரத்துச் சாசனம் சொன்னது. 2016 மார்ச்சில் அமுலுக்கு வந்த திருத்தம், சாரதி மீறக்கூடிய அல்லது அணைக்கக்கூடிய கருவிகளுக்கு இடம் கொடுத்தது. அதனால்தான் பல கார்களில், தானியங்கிப் பிரேக் விழும்போது சாரதி வேகமிதியைப் பலமாக மிதித்தாலோ கைவளையத்தைச் சட்டென்று திருப்பினாலோ கருவி விட்டுக்கொடுத்துவிடும். பிரேக் தானாக விழுந்த அதிர்ச்சியில் தவறான மிதியில் கால் போனால், கருவி அதையும் உங்கள் தீர்மானம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இனி வருகிற கார்கள் வேறு. ஜப்பானில் 2021 நவம்பர் தொடக்கம் புதிதாக அறிமுகமாகும் உள்நாட்டுக் கார் மாதிரிகளுக்குத் தானியங்கிப் பிரேக் கட்டாயம். ஐரோப்பாவில் 2024 யூலை தொடக்கம் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம், அமெரிக்கா 2029 செப்டெம்பர் வரை தவணை கொடுத்திருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. ஆகவே தம்பலகாமத்துக்கு வரப்போகும் அடுத்த தலைமுறைக் கார்களில் இந்தப் பிரேக் இருக்கிறதா என்று கேட்கத் தேவை இருக்காது. கேட்க வேண்டியவை வேறு மூன்று. எந்த வேகம் வரை பிடிக்கும்? எதையெல்லாம் பார்க்கும்? இரவில் பார்க்குமா? விற்பவருக்குத் தெரியாவிட்டால், அந்த மாதிரியின் கையேட்டை விளங்கும் மொழியில் தேடி எடுத்துத் தரச் சொல்லலாம்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. பல கார்களில் ராடார் முன் இலச்சினைக்குப் பின்னால் இருக்கிறது, கமரா கண்ணாடியின் உச்சியில் இருக்கிறது. கோயிலில் வாகனப் பூசை முடித்து வரும்போது சந்தனத்தையும் மாலையையும் அந்த இரண்டு இடத்துக்கும் விலக்கி வைத்தால் தெய்வம் கோபிக்காது. வயல் பாதைச் சேறு அங்கே அப்பினால் துடைக்க வேண்டும். முன்கண்ணாடி மாற்றினால் கமராவை மறுபடி அளவுப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது வீதியைக் கோணலாகப் பார்க்கும்.

ஓட்டும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். இருட்டில் முன்விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் போவது. மங்கல் விளக்கு காட்டுவது ஏறக்குறைய 40, 50 மீற்றர். முதலில் போட்ட கணக்கின்படி 60 இல் போகிறவருக்கு, முழுப் பலத்தோடு மிதித்தால் அந்தத் தூரம் மட்டுமட்டாகப் போதும், மழையில் போதாது. பேர்லினில் தயங்கிய காலுக்கும் ஒரு பயிற்சி உண்டு. வெறிச்சோடிய நேர் வீதியில், பின்னால் எவரும் இல்லை என்று பார்த்து, 30 இல் போய்ப் பிரேக்கை ஒருதரம் அடிவரை மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் இருந்தால் மிதி காலடியில் அதிரும், கார் வழுக்காமல் நிற்கும். அந்த அதிர்வை ஒருமுறை உணர்ந்த கால், எருமை எழுந்து நிற்கிற இரவில் அரை மிதியோடு நிற்காது.